சித்தப்பாவின் வால்வு ஆம்ப்: ஒரு நீண்ட இழை

1/
நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான இழை. மருத்துவமும் இருக்கு, ரேடியோ ரிப்பேரும் இருக்கு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஈசிஜி எடுக்கும்போது நம் இதயத்தில் இருந்து தோலுக்கு வந்து சேரும் மின்சாரம் எவ்வளவு? ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈசிஜி தாளில் பத்து சின்னக் கட்டம் உயரம்தான் ஒரு மில்லிவோல்ட். சரி, கல்யாண மேடை மைக்கில் ஒருத்தர் பேசும்போது அந்த வயரில் வரும் மின்சாரம் எவ்வளவு? அதுவும் கிட்டத்தட்ட அதேதான்!

எம்.டி. முடித்து இருபது வருஷம் ஆன எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எட்டாம் வகுப்பு படித்த என் சித்தப்பா.

2/
சித்தப்பா ரேடியோ மெக்கானிக். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பகலில் ரேடியோ ரிப்பேர் கடை, சீசன் வந்தால் மைக்செட். திருவிழா, காதுகுத்து, சடங்கு, அரசியல் கூட்டம் எல்லாத்துக்கும் குழாய் கட்டுவது அவர்தான். "மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்று விடியற்காலை நாலு மணிக்கு அவர் குரல் கேட்டால் ஊருக்கே தெரியும், இன்னைக்குத் திருவிழா என்று.

தேர்த் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறத்தைச் சொல்லி, "எங்கிருந்தாலும் மேடைக்கு அருகில் வரவும்" என்று அறிவித்த குரல் அது. ஒருமுறை அப்படிக் காணாமல் போனவன் நான்தான். ஆறு வயசு, மஞ்சள் சட்டை. குழாயில் சித்தப்பா என் பேரைச் சொன்னதைக் கேட்டுத்தான் அழுகையை நிறுத்தினேன்.

3/
போன வருஷம் அவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. போனில் பேசும்போது நானும் கவனித்தேன். "என்ன சித்தப்பா, தொண்டை கட்டியிருக்கா?" என்றேன். "ஆமாடா, திருவிழாவுல கத்துனது" என்றார். உப்புப் போட்டு வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னேன்.

அடுத்த மாசமும் அதே குரல். "அசிடிட்டியா இருக்கும்" என்று ஒரு மாத்திரை பெயரை வாட்ஸப்பில் அனுப்பினேன். அதற்கடுத்த மாசம் நான் கேட்கவே இல்லை. காது அந்தக் குரலுக்குப் பழகிவிட்டது.

நாலு மாசம். நாற்பது வருஷமாக பீடி குடிக்கும் 68 வயது மனிதர். இதே வரலாற்றோடு வேறு ஒருவர் என் கிளினிக்குக்கு வந்திருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பியிருப்பேன். சொந்தச் சித்தப்பாவுக்கு வெந்நீர் சொன்னேன். இதை எழுதாமல் மீதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

4/
குரல்வளைப் புற்றுநோய். குருத்தெலும்பையும் தாண்டியிருந்தது. குரல்வளையை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்று சொன்னார்கள்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குரல்வளையில் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் அதை எடுத்துவிட மாட்டார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கதிர்வீச்சோ லேசரோ போதும். உயிரும் மிஞ்சும், குரலும் மிஞ்சும். தாமதமானால்தான் இந்த நிலை. முழுவதும் எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்பக்கம் ஒரு துளையாகத் திறந்துவிடுவார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் மூச்சு அந்தத் துளை வழியாகத்தான். நுரையீரல் காற்று வாய்க்கு வராது. பிறவிக் குரல் அத்தோடு முடிந்தது.

ஆபரேஷனுக்கு 12 நாள் இருந்தது.

5/
குரலைப் பதிந்து வைப்போம் என்று சொன்னது அவருடைய சின்ன மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், அப்போது ஏழு மாதக் கர்ப்பம். "என் பிள்ளைக்குத் தாத்தா குரல் வேணும்ணே" என்றாள்.

போனில் பதிந்து பார்த்தோம். கேட்டால் பாதி வார்த்தை காணோம். காரணம் புரிந்தபோது கஷ்டமாக இருந்தது. போன் செயலிகள் பின்னணி இரைச்சலைத் தானே வெட்டி எறியும். சித்தப்பாவின் குரலில் இப்போது ஒலி குறைவு, காற்றுச் சத்தம்தான் அதிகம். அந்தக் காற்றுக் குரலைப் போன் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டது.

நான் செய்த அதே தப்பு. அது மெஷின், நான் டாக்டர், அம்புட்டுதான் வித்தியாசம்.

6/
நல்ல மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். வாங்கியும் விட்டேன். சித்தப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்குள் போய் அலமாரியின் மேல் தட்டில் இருந்து துணி சுற்றிய ஒரு சாமானை இறக்கச் சொன்னார்.

1979-ல் அவர் கையால் செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். வால்வு செட். அலுமினியத் தகட்டில் சேஸிஸ், நடுவில் ஒரு ஈ.சி.சி.83, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஈ.எல்.84. பெங்களூர் பெல் கம்பெனி வால்வுகள்.

"என் குரலை என் பெட்டியிலதான்டா எடுக்கணும்" என்றார். அந்தக் கரகரப்பிலும் அது கட்டளை மாதிரித்தான் இருந்தது.

7/
வால்வு என்றால் என்ன என்று 2000-க்குப் பிறகு பிறந்தவர்களுக்காக ஒரு பத்தி.

காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். உள்ளே ஒரு கம்பி சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள கேதோடில் இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, நேர்மின் வோல்டேஜ் உள்ள பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. திரும்பி ஓடாது, ஒரு வழிப் பாதை. அதனால்தான் 1904-ல் ஃபிளெமிங் அதற்கு 'வால்வு' என்று பெயர் வைத்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கிரிட் கம்பியைச் சேர்த்தார். கிரிட்டில் வோல்டேஜ் கொஞ்சம் அசைந்தால், பிளேட்டில் பல மடங்கு அசைவு. சின்னக் குழாயைத் திருகினால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் கூடிக் குறைகிற மாதிரி. அதுதான் பெருக்கம்.

8/
மருத்துவத்துக்கும் வால்வுக்கும் பெரிய கடன் உண்டு. முதல் நல்ல ஈசிஜி கருவியை நெதர்லாந்தில் ஐந்தோவன் செய்தபோது வால்வுப் பெருக்கி கிடையாது. நோயாளி உப்புத் தண்ணீர் வாளிகளில் கையையும் காலையும் வைத்துக்கொண்டு உட்காரணும். அந்த ஒரு மில்லிவோல்ட்டால் நேரடியாக ஒரு மெல்லிய இழையை அசைத்துப் படம் எடுத்தார். அதற்கு 1924-ல் நோபல் பரிசு.

நரம்பில் ஓடும் துடிப்பு அதைவிடவும் சின்னது. 1920-களில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் வால்வுப் பெருக்கியை வைத்து ஒற்றை நரம்பிழையின் துடிப்புகளைப் பதிந்தார். 1932-ல் ஷெரிங்டனோடு சேர்ந்து நோபல் வாங்கினார். ஒற்றை நரம்பிழை பேசுவதை மனிதன் முதலில் கேட்டது வால்வு வழியாகத்தான்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நீங்கள்லாம் எங்க ஆளுகதான்" என்றார்.

9/
சரி, வேலைக்கு வருவோம். ஸ்டீரியோ ஆம்பில் மைக்கை அப்படியே சொருகினால் என்ன ஆகும்? ஒன்றும் கேட்காது.

அந்த ஆம்ப் ரெக்கார்ட் பிளேயருக்காகச் செய்தது. பழைய செராமிக் பிக்-அப் சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும். ஆனால் டைனமிக் மைக்கின் முன் சித்தப்பாவின் இப்போதைய குரல் அரை மில்லிவோல்ட் கூடக் கொடுக்காது. பல நூறு மடங்கு பெருக்கினால்தான் கம்ப்யூட்டர் பக்கம் போக முடியும்.

சித்தப்பா பழைய டைரித் தாளில் கணக்குப் போட்டார். மைக் டிரான்ஸ்பார்மர் 10 மடங்கு. ஈ.சி.சி.83-ல் பாதி, 55 மடங்கு. பத்தும் ஐம்பத்தஞ்சும் பெருக்கினா ஐநூத்தம்பது. 0.4 மில்லிவோல்ட் உள்ளே போனால் 220 மில்லிவோல்ட் வெளியே வரும். "போதும்" என்று அடிக்கோடு போட்டார்.

10/
ஈ.சி.சி.83 ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. ஸ்டீரியோவில் ஒரு பாதி இடது பக்கத்துக்கும், மறு பாதி வலது பக்கத்துக்கும் வேலை செய்தது. நமக்கு வேண்டியது ஒரே குரல். ஆக, இரண்டு பாதியையும் வரிசையாகப் போடுவது என்று திட்டம்.

முதல் பாதி குரலைப் பெருக்கும். ஆனால் அதன் பிளேட்டில் இருந்து நேரடியாகக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தால் சிக்னல் படுத்துவிடும், அதற்கு அந்தத் தெம்பு இல்லை. எனவே இரண்டாம் பாதியைக் கேதோடு ஃபாலோயராக மாற்றினோம். அது பெருக்காது. வாங்கிய வோல்டேஜை அப்படியே, கூடுதல் தெம்போடு வெளியே தள்ளும். பெரிய டாக்டர் முணுமுணுப்பதை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லும் ஹெட் நர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு ஈ.எல்.84-க்கும் இனி வேலை இல்லை. கழற்றித் துணியில் சுற்றி வைத்தார்.

11/
பத்து வருஷத்துக்கு மேல் கரண்ட் பார்க்காத பெட்டி. நான் நேராக பிளக்கை எடுத்துக்கொண்டு போனேன். "டேய்!" என்று ஒரு சத்தம். அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இன்னும் மிச்சமிருந்தது எனக்கு ஆச்சரியம்.

100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுக்கணும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். எங்கள் பல்பு பளிச்சென்றுதான் எரிந்தது. பழைய ஃபில்டர் கண்டென்சர் போய்விட்டிருந்தது. மூன்று கண்டென்சரும் புதுசு மாற்றினோம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் இரண்டு கிடைத்தது. ஒன்று சென்னை ரிச்சி தெருவில் இருந்து கூரியரில் வந்தது.

இரண்டு கம்பி மெயின்ஸ் வயரையும் அறுத்துவிட்டு மூன்று கம்பி போட்டு, சேஸிஸை எர்த் பண்ணினோம். மைக்கைப் பிடிக்கப் போவது ஒரு நோயாளி. இதில் சமரசம் கிடையாது.

12/
இந்த இடத்தில் டாக்டராக ஒரு எச்சரிக்கை. வால்வு செட்டுக்குள் 250, 300 வோல்ட் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தேங்கி நிற்கும். யூடியூப் பார்த்து யாரும் இதைத் திறக்காதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

நான் மீட்டர் முள்ளோடு குனிந்தபோது சித்தப்பா என் இடது கையைத் தட்டிவிட்டார். "அந்தக் கையைப் பாக்கெட்ல போடு." ஒரு கையால் மட்டும் தொடுவது பழைய மெக்கானிக்குகளின் விதி. இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது இதயம். சுமார் 100 மில்லி ஆம்பியர் நெஞ்சைக் கடந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். பாடப்புத்தகத்தில் நான் படித்ததை அவர் கைப்பழக்கமாக வைத்திருந்தார்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு 108-க்கு அழையுங்கள். மூச்சு பேச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

13/
ஈ.எல்.84 இரண்டையும் கழற்றியதில் ஒரு சிக்கல் வந்தது. அவை இரண்டும் சேர்ந்து சுமார் 100 மில்லி ஆம்பியர் தின்றுகொண்டிருந்தன. அந்தப் பாரம் போனதும் 265 வோல்ட்டாக இருந்த சப்ளை 330-க்கு ஏறியது. கண்டென்சர் தாங்குவது 350 வரைதான். ராத்திரி மெயின்ஸ் கொஞ்சம் ஏறினால் வெடித்துவிடும்.

22 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டார். அது சூடாகிக்கொண்டே கொஞ்சம் கரண்டைத் தின்னும், வோல்டேஜ் இறங்கும். ஆஃப் செய்த சில நொடிகளில் கண்டென்சரையும் காலி செய்துவிடும். ஒரே மாத்திரையில் இரண்டு வியாதிக்கு மருந்து.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் இருந்து திரும்பி வரும் ஃபீட்பேக் வயர்களைக் கழற்றினோம். வால்யூம் கண்ட்ரோல் முன்பு வாசலிலேயே இருந்தது. அதை முதல் பாதிக்குப் பின்னால் நகர்த்தினோம். அரை மில்லிவோல்ட்டை வாசலிலேயே குறைத்தால் மிஞ்சுவது இரைச்சல்தான்.

14/
மைக் டிரான்ஸ்பார்மர் எங்கே கிடைக்கும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். பிரித்துப் போட்ட பழைய மைக்செட் ஆம்ப்களின் எலும்புகள் அத்தனையும் உள்ளே. அதில் தீப்பெட்டி அளவில், தகட்டுக் கூட்டுக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? மைக் வயரில் இரண்டு கம்பி. சுற்றியுள்ள மெயின்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும். குரல் மட்டும் ஒன்றில் கூடும்போது மற்றதில் குறையும். இந்த டிரான்ஸ்பார்மர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக இருப்பதைத் தள்ளிவிடும்.

ஈசிஜி கருவியும் இதைத்தான் செய்கிறது. வலது கைக்கும் இடது கைக்கும் உள்ள வித்தியாசம்தான் லீட் ஒன்று. நான் அதைச் சொன்னேன். "அப்ப நெஞ்சுல ஒட்டுறதும் மைக்கு மாதிரிதான்" என்றார். ஆமாம் சித்தப்பா, அப்படித்தான்.

15/
ஐந்தாம் நாள் இரவு முதல் சோதனை. பெட்டியின் வெளியீட்டை இன்டர்ஃபேஸில் சொருகி, ஹெட்போன் மாட்டினேன்.

ஹம்ம்ம்ம்ம்ம். அதைத் தவிர வேறு எதுவுமே கேட்கவில்லை.

ரெக்கார்ட் பிளேயருக்கு இதே பெட்டி அமைதியாகத்தான் பாடியது. ஏனென்றால் அப்போது சிக்னல் பெருசு, ஹம் சின்னது. இப்போது சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹம் அப்படியே இருக்கிறது.

சித்தப்பா ஹெட்போனை வாங்கிக் கண்ணை மூடிக் கேட்டார். "இது ரெண்டு வியாதி" என்றார். "ஒண்ணு ஹீட்டர் ஹம். கனமா, அடியில ஓடுது. இன்னொண்ணு ஃபில்டர் ஹம். அதுக்கு மேல ஒரு ஸ்தாயி."

கம்ப்யூட்டரில் அலைவரிசையைப் போட்டுப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம், 100 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம்.

16/
50 எங்கிருந்து? நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். வால்வின் ஹீட்டர் ஏசியில் சூடாகும்போது அந்த அதிர்வு கேதோடுக்கு ஒட்டும். பக்கத்தில் உள்ள மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் காந்தமும் மைக் டிரான்ஸ்பார்மரில் இதையே பாய்ச்சும்.

100 எங்கிருந்து? ஏசியின் இரண்டு பாதியையும் டையோடுகள் டிசியாக மடக்கும்போது நொடிக்கு 100 தடவை ஏற்ற இறக்கம் மிஞ்சும். அவர் 1979-ல் போட்ட நாலு பி.ஒய்.127 டையோடும் இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றுக்குப் பின்னால் உள்ள வடிகட்டல்தான் போதவில்லை.

50-ஐக் கம்ப்யூட்டரில் வெட்டிவிடலாம், குரலுக்கு ஒன்றும் ஆகாது. 100-ஐ வெட்ட முடியாது. ஆண்களின் குரல்நாண் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை அதிர்கிறது. ஹம்மை வெட்டினால் சித்தப்பாவையும் வெட்டுவோம். நோயை அதன் இடத்திலேயேதான் தீர்க்கணும்.

17/
சிகிச்சை. சப்ளையில் 10 கிலோ ஓம், 47 மைக்ரோபாரட் என்று இன்னொரு வடிகட்டிப் படி. கணக்குப் போட்டால் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் சுமார் 300 மடங்கு குறைய வேண்டும். குறைந்தது.

ஹீட்டருக்கு டிசி. ஈ.எல்.84 இரண்டும் போனதால் ஹீட்டர் சுற்றில் கரண்ட் தாராளமாக மிச்சம் இருந்தது. சின்ன பிரிட்ஜ், பெரிய கண்டென்சர், ஒரு ரெசிஸ்டர். ஈ.சி.சி.83-க்கு வேண்டியது 6.3 வோல்ட், 300 மில்லி ஆம்பியர்தான்.

மைக் டிரான்ஸ்பார்மரைச் சேஸிஸில் இருந்து பிடுங்கித் தனி டப்பாவில் போட்டு, ஒரு முழம் ஷீல்டு வயரில் தள்ளி வைத்தோம். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த டப்பாவை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு கோணத்தில் கையை நிறுத்தினார். "இங்க." நான் கேட்டேன். ஹம் காணாமல் போயிருந்தது. கூட்டத்தில் அம்மாவைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்துகிற மாதிரி, சட்டென்று.

மிச்சம் கொஞ்சம் லேப்டாப் சார்ஜரின் எர்த் வழியாக வந்தது. சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டினோம். தீர்ந்தது.

18/
கடைசியாக வால்வுத் தேர்வு. பழைய வால்வுகளுக்கு ஒரு குணம். தட்டினால் உள்ளே கம்பி அதிர்ந்து "டிங்" என்று ஒலிக்கும், பேச்சோடு அதுவும் பதிவாகும். டின்னில் மூன்று ஈ.சி.சி.83 இருந்தது. ஒவ்வொன்றையும் மாட்டி, பென்சிலால் மெல்லத் தட்டிக் கேட்டோம். இரண்டு மணியடித்தது. ஒன்று சமர்த்தாக இருந்தது.

நோயாளியின் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான். இன்றைக்கு ஸ்கேன் வந்த பிறகு எங்களில் பலருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. தட்டியதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சித்தப்பா எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை.

19/
எட்டாம் நாளில் இருந்து பதிவு. ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம், இடையில் ஓய்வு, மூச்சு முட்டினால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றார்.

இன்டர்ஃபேஸில் இரண்டு வாசல். ஒன்றில் வால்வுப் பெட்டி, இன்னொன்றில் இன்னொரு மைக்கை நேரடியாகப் போட்டேன். பெட்டி பழுதானால் பதிவு போய்விடக் கூடாது இல்லையா.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் என்ன பேசுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் மைக்கில் பேசினவர், மைக் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "ஏங்க, எப்பவும் சொல்றதைச் சொல்லுங்களேன்" என்றார் சித்தி.

"மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ."

சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

20/
நாலு நாளில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரும். பிறக்காத பிள்ளைக்கு, ஆணென்றாலும் பெண்ணென்றாலும் செல்லுபடியாகும்படி ஒரு கதை. சித்தியை முதலில் பார்த்த திருவிழா. எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி. எர்த் கம்பி ஊன்றும்போது எவ்வளவு கரி, எவ்வளவு உப்பு.

கடைசி நாள் என்னைப் பார்த்துச் சொன்னார். "டாக்டரு, நீ வெந்நீர் சொன்னதை நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரியாத. கம்முச்சுன்னு எனக்கே தெரியும். பயந்துக்கிட்டுதான் நானும் சொல்லல." அதுவும் பதிவில் இருக்கிறது. நான் அதை இன்னும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

21/
வால்வு ஒலி "இதமா" இருக்கும் என்று சொல்வார்களே, உண்மையா? நேர்மையாகச் சொல்கிறேன். இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், நேரடியாக இன்டர்ஃபேஸில் போட்டதுதான் அமைதி. எங்கள் பெட்டியில் மெல்லிய 'ஸ்ஸ்' ஒன்று ஓடுகிறது. வார்த்தைத் தெளிவு இரண்டிலும் ஒன்றுதான். குரலைப் பதிந்து வைக்கணும் என்பவர்களுக்கு என் யோசனை: ஒரு டைனமிக் மைக், ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ், பேட்டரியில் ஓடும் லேப்டாப், மின்விசிறி நிறுத்திய அறை. போதும். வால்வு வேண்டாம்.

ஆனால் அந்த ஏழு நாளும் சித்தப்பா ஒரு நோயாளியாக இல்லை. மெக்கானிக்காக இருந்தார். அதை எந்த இன்டர்ஃபேஸும் கொடுத்திருக்காது.

வீட்டில் எல்லோரும் போட்டுக் கேட்பது வால்வுப் பதிவைத்தான். கதையின் நடுவில் திடீரென்று நிறுத்தி, "டேய், லேசா ஹம் வருது, அந்த எர்த்தைப் பாரு" என்கிறார். என் மகனுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

22/
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு கதிர்வீச்சு. இப்போது எட்டு மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் பேத்தி பிறந்து தவழ்கிறாள்.

குரல்வளை போனாலும் பேச்சுக்கு வழி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறு துளை போட்டு, அதில் விரல்நுனி அளவு சிலிக்கோன் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை விட்டால், காற்று அதன் வழியாக உணவுக்குழாய்க்குப் போய் அங்குள்ள தசையை அதிர வைக்கும். அதுதான் புதுக் குரல். சாப்பாடும் தண்ணீரும் நுரையீரல் பக்கம் வரக் கூடாது என்பதால் அது ஒரு வழிப் பாதை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றணும்.

பொருத்தி முடித்துப் பயிற்சி எடுத்த இரண்டாம் வாரம் எனக்குப் போன் வந்தது. கரகரப்பான, அடியில் இருந்து வருகிற ஒரு புதுக் குரல்.

"டாக்டரு... இப்ப எனக்குள்ளயும்... ஒரு வால்வு."

23/
இந்த இழையில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பீடி, சிகரெட், மது பழக்கம் இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள். சின்னக் கேமரா வைத்து வெளிநோயாளியாகவே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். முழுங்கும்போது வலி, காதுக்குப் பாயும் வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், இவையும் அப்படித்தான்.

வீட்டில் டாக்டர் இருந்தால் அவரிடம் போனில் கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு உங்கள் மேல் பாசம் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் மோசமான டாக்டர்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, யாருக்காவது ஒரு போன் போடுங்கள். என்ன சொல்கிறார்கள் என்பதோடு, எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.